ஒட்டேடு: தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

செய்தித்தாள் நறுக்கு, நிக்காஹ் அழைப்பிதழ், மீலாது விழாத் துண்டறிக்கை, நிழற்படம் முதலியவற்றை ஒட்டித் தொகுக்கும் ஏடே ஒட்டேடு ஆகும். இவற்றை அற்பமெனக் கருதற்க. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு திருமண அழைப்புகளையும் நாடக நோட்டீசுகளையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

ஏட்டிற்குத் தாளே உயிர். செய்தித்தாளின் மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளிபட்டு மஞ்சளாகும். அமிலம் தாளை நொறுங்கச் செய்யும். ஆதலின் அமிலமற்ற தாளே வேண்டும். (நம் இல்லங்களிலோ பழைய கணக்கு நோட்டே ஒட்டேடாகிவிடுகிறது!) மைதாப் பசையைப் பூச்சி நாடும், செலோடேப்பின் பிசின் நாளடைவில் ஊறிப் பழுப்புக் கறையாகும். நிழற்படத்தின் மீது பசையே படலாகாது. முனைகளைச் செருகிவைக்கும் முக்கோணத் தாள்மூலைகள் போதும்.

நறுக்கின் அருகே இதழின் பெயரையும் நாளையும் பென்சிலால் குறித்தல் வேண்டும். நாளற்ற நறுக்கொன்றில் ‘தருமபுரி மாவட்டம், ஓசூர்’ என்றிருப்பின், அது மாவட்டம் தோன்றிய 1965க்கும் கிருஷ்ணகிரி பிரிந்த 2004க்கும் இடைப்பட்டது என்பதற்கு மேல் யாது கூற இயலும்? அரபுத்தமிழில் அமைந்த அழைப்பாயின், அதனைப் படிக்கவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே, அதிலுள்ள பெயர்களைத் தமிழெழுத்தில் கேட்டு எழுதி அருகில் வைத்துவிடுதல் வேண்டும்.