உங்களுக்குத் தெரியுமா? மலையுச்சியில் இறங்கிய விமானம்!

இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான மலை ஹெல்வெலின். 950 மீட்டர். அதன் உச்சியில் 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் என்ற இருவர் ஒரு சிறிய விமானத்தை இறக்கி, மறுபடியும் கிளப்பிக்கொண்டு போனார்கள்!

• சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சிக்கு ஆள் வேண்டுமே! நல்லவேளை, உச்சியில் ஒருவர் இருந்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் இ. ஆர். டாட்ஸ். அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இறங்கிய கதையைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

• நடந்து போகிறவர்களுக்கு ஒருநாள் போதும். கிளென்ரிடிங் கிராமத்திலிருந்து கிளம்பி, ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய மலைமுகட்டின் வழியாக ஏறுவார்கள். சில இடங்களில் வயல் வரப்பு அளவுக்கே அகலம், இருபுறமும் கிடுகிடு பள்ளம். இறங்குவதற்கு ஸ்விரல் எட்ஜ் என்ற இன்னொரு முகடு. இரண்டுக்கும் நடுவே, பனிப்பாறை குடைந்த குழியில், ரெட் டார்ன் ஏரி.

• அந்த ஏரியில் ஸ்கெல்லி என்ற அபூர்வ மீன் வாழ்கிறது. பனியுகத்தின் மிச்சம். இந்த மலை இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் நான்கே ஏரிகளில்தான் இது உண்டு.

• குளிர்காலத்தில் தினமும் இந்த மலை ஏறுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா நிர்வாகம். உச்சியில் பனி, காற்று, வெப்பநிலை எப்படி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குப் போட்டியும் பலம்!