புகை கக்கிய மொரிஸ் மைனரும் நான் பிரித்த ரிங் பெட்டியும்

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்குப் பொருளை விற்று பில் எழுதியதோடு வியாபாரம் முடிந்துவிடுவதில்லை. அந்தப் பொருள் வாகனத்தில் ஏறி, வாகனம் ஒரு மாதம் ஓடி, வாடிக்கையாளரிடமிருந்து கோல் எதுவும் வராவிட்டால்தான் முடிந்த வியாபாரம். எனக்கு அப்படியொரு கோல் சென்ற வருடம் வந்தது.

பேசியவர் அக்குறணையில் புடவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய வாப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் 1000 ஒன்றை கலியாண ஹயருக்கு விடுகிறார். 1098 சீசீ எஞ்சின். அதை முழுதாகப் பிரித்து, சிலிண்டர்களை 20 தௌ போர் பண்ணி, பிஸ்டனும் ரிங்கும் என்னிடம் வாங்கிப் போயிருந்தார்.

"நானா, 400 கிலோமீற்றர் ஓடியாச்சி. நின்ட இடத்துல வண்டி நடுங்குது, பின்னால ஒரே புகை. நீங்க தந்த ரிங் டூப்ளிகேட் என்டு பாஸ் செல்றாரு. இன்னும் 12 நாள்ல ஒரு ஹயர் ஈக்குது" என்றார். பாஸுக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை 60,000 ரூபாவையும் நிறுத்தி வைத்திருந்தார். ஆக மூன்று பேருடைய பணமும் பெயரும் ஒரு சைலன்சர் குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்படியான வழக்குகள் நம்மிடையே கூடிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025இல்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கார்களெல்லாம் விலை ஏறி, எஞ்சின் செய்து வீதிக்கு வந்தன. மைனருக்கு இந்த நாட்டில் தனி மரியாதை வேறு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971வரை செய்யப்பட்ட கார் அது. 1990களில் அதன் பாடிப் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் பாருங்கள். ஆனால் அந்தக் காலத்து எஞ்சினைக் கையால் பழகிய பாஸ்மார் குறைந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பக்கமுள்ள அந்தக் கராஜுக்குப் போனேன். பாஸ் ஏற்கனவே செயின் பிளொக்கைத் தொங்கவிட்டு, எஞ்சினை இறக்கத் தயாராக நின்றார். "ஒரு நாள் பொறுங்கள், பார்த்துவிட்டு இறக்குவோம்" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டேன். முகம் சுளித்தாலும் சம்மதித்தார். ரிங் விற்றவன் வந்து எஞ்சினைத் திறக்காதே என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

புகையைப் பார்க்கும்போது முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளை நிறம் காலைக் குளிரில் கொஞ்சநேரம் வருவது ஆவி, அதைப்பற்றிக் கவலை வேண்டாம். எஞ்சின் சூடான பின்னும் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். இந்தக் காரில் கறுப்பும் நீலமும் கலந்து வந்தன. அதாவது நோய் ஒன்றல்ல, இரண்டு.

நடுக்கத்தை முதலில் எடுத்தோம், அதற்குச் செலவு இல்லாதபடியால். பொயின்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ, டெப்பட் 12 தௌ, எல்லாம் சரி. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். எதைக் கழற்றினாலும் எஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கியது, ஆகவே நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. பிறகு காபரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை, சைலன்சர் பக்கத்துச் சூட்டில் படாமல் கவனமாக, மெனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் சொட்டாக அடித்தோம். பின்பக்கத்து இன்லெட் வாயருகே அடித்தபோது எஞ்சினின் சத்தம் சட்டென்று மாறியது. அங்கே காற்று களவாக உள்ளே போகிறது.

காரணம் சின்னது. இந்த எஞ்சினில் இன்லெட் மெனிபோல்ட்டும் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டும் ஒன்றோடொன்று போல்ட் போட்டுப் பிணைந்து, ஒரே கெஸ்கட்டில் உட்காருகின்றன. இரண்டையும் வெளியே வைத்து முறுக்கி இறுக்கிவிட்டுக் கொண்டுபோய் ஹெட்டில் பூட்டினால் ஒரு பக்கம் படியாது. நடு போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முதலில் ஹெட்டோடு இறுக்கி, பிறகுதான் அவற்றை இறுக்க வேண்டும். புதுக் கெஸ்கட் போட்டு அப்படிப் பூட்டியதும் நடுக்கம் பாதிக்கு மேல் நின்றுவிட்டது.

மிச்சம் பாதி காபரேட்டரில் இருந்தது. காற்று களவு போவது தெரியாமல், நடுக்கத்தை மறைக்க, எஸ்யூ காபரேட்டரின் ஜெட் நட்டைப் பாஸ் இறக்கிக்கொண்டே போயிருக்கிறார். நட்டு இறங்கினால் பெற்றோல் கூடும். கறுப்புப் புகை அங்கிருந்துதான். மேலதிகப் பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவி, ஒயில் சம்பிலும் இறங்கும். புது ரிங்குக்கு இதைவிடக் கேடு வேறில்லை. காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பார்ப்பது பழைய முறை: வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் நிற்கப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் கூடி மீண்டும் பழையபடி வந்தால் சரி. அரை மணித்தியாலத்தில் அதைச் சரிசெய்து, டேஷ்பொட்டில் ஒயிலும் விட்டோம். அது காய்ந்து கிடந்தது.

கறுப்புப் போய்விட்டது. நீலம் மட்டும் நின்றது.

பாஸும் நானும் காரை எடுத்துக்கொண்டு கடுகண்ணாவைக்குப் போனோம். நீலப் புகைக்கு மலைப்பாதைதான் வைத்தியர். அக்சிலேட்டரை விட்டுச் சரிவில் இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதிக்கும்போது ஒரு பந்துபோலப் புகை வந்து மறைந்தால் வால்வு கைட் அல்லது சீல். ஏற்றத்தில் இழுக்கும் நேரமெல்லாம் விடாமல் வந்தால் ரிங். எங்களுக்கு ஏற்றத்தில்தான் வந்தது, பின்னால் வந்த பஸ்காரர் ஹோன் அடித்து முறைக்கும் அளவுக்கு. பாஸ் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு உள்ளூர வேர்த்தது. கராஜுக்கு வந்து கொம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கும் 155 முதல் 160 வரை. ரிங் போலியென்றால் இந்த அளவு வராதே என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது, 1ஆம் 2ஆம் பிளக்குகள் காய்ந்து மண்ணிறம். 3ஆம் 4ஆம் பிளக்குகளில் ஒயில் சொட்டியது. ஒரே செட் ரிங், இரண்டு சிலிண்டரில் மட்டும் எப்படிக் கெட்டது?

"பாஸ், ரிங் எப்படி வந்தது?" என்று கேட்டேன். "இரண்டு சிலிண்டருக்கு உங்கட பெட்டியில, மத்த ரெண்டுக்கும் பத்திரிகைத் தாள்ல சுத்தி" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் வேறொருவர் இரண்டு சிலிண்டருக்கு மட்டும் ரிங் கேட்டார். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். பின்னர் இன்னொரு பிரித்த பெட்டியில் மிஞ்சியதைச் சேர்த்து ஒரு செட் ஆக்கினேன். பொருள் அசல்தான், ஆனால் பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் போய்விட்டது. இந்த எஞ்சினின் பிஸ்டனில் 4 ரிங். மேலே உள்ளது சாதாரணம், கடைசி ஒயில் ரிங். நடுவில் உள்ள இரண்டும் முகம் சற்றுச் சரிவாகச் சீவப்பட்டவை, மேல்பக்கத்தில் "டீ" அல்லது "டொப்" என்று ஊசிமுனையால் கீறியதுபோல் ஓர் அடையாளம் இருக்கும். தலைகீழாகப் போட்டால் கொம்ப்ரெஷன் ஓரளவு நிற்கும், ஆனால் ஒயிலைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றிக்கொடுக்கும்.

எஞ்சினை இறக்கினோம். 3இலும் 4இலும் நடு ரிங்குகள் தலைகீழாகத்தான் இருந்தன. பாஸுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அந்த அடையாளத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் நானே காணவில்லை. இரண்டு சிலிண்டருக்குத் தாளைப் பார்த்துச் சரியாகப் போட்டவர், மற்ற இரண்டுக்கும் அடையாளம் இல்லாத சாதாரண ரிங் என்று நினைத்துப் போட்டிருக்கிறார். பார்த்துப் போடாதது அவர் பிழை. தாளில்லாமல், பொறுக்கிச் சேர்த்த செட் என்று சொல்லாமல் விற்றது என் பிழை. பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்ததுதான். இது குறை என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்கைக் கராஜ் வாங்கிலேயே முடித்தோம். புது ரிங் செட்டும் கெஸ்கட்டுகளும் என் செலவு. பாஸ் கூலி இல்லாமல் செய்வது. சிலிண்டர்களை மீண்டும் ஹோன் பண்ணும் காசும் ஒயிலும் காருக்குரியவர். அவர் 60,000 ரூபாவையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

எஞ்சின் ஏறியது பதினோராம் நாள். ஆனால் ஓடிப் பழகாத ரிங்கோடு கலியாண ஊர்வலத்தில் ஊர்ந்து போக விட வேண்டாம் என்று பாஸ் தடுத்தார். புது எஞ்சினை மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடவிடுவது நம் கராஜ்களில் உள்ள கெட்ட பழக்கம். சிலிண்டர் சுவர் கண்ணாடியாகி ரிங் படியாமல் போய்விடும். மிதமான இழுவையில் வீதியில்தான் ஓட்ட வேண்டும். அதனால் நண்பர் இன்னொருவரின் ஒஸ்டினை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, அந்த ஹயரில் கையைக் கடித்துக்கொண்டார். 800 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் புகை இல்லை.

இப்போது என் கடையில் ரிங் பெட்டியைப் பிரித்து விற்பதில்லை. இரண்டு சிலிண்டருக்குக் கேட்டு வருகிறவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். விளக்கத் தாளை பில்லோடு சேர்த்துப் பின் அடித்து, அடையாளம் எங்கே இருக்கிறதென்று ஒரு ரிங்கை எடுத்துப் பூதக்கண்ணாடியில் காட்டித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கவுண்டரில் நிற்கும் மகனுக்கு அது பெரிய அலுப்பு.