வலையமைப்பு ஆளியில் எச்சரிக்கை நிகழ்வுகளை அமைத்தல்

சுவிச் எனப்படும் வலையமைப்பு ஆளியின் ஒவ்வோர் இணைப்புத் துறையிலும் பொதிகளையும் வழுக்களையும் எண்ணிகள் ஓயாது கணக்கிடுகின்றன. இவற்றைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கு 1991 இல் வெளியிடப்பட்ட நியமமே ஆர்மொன் ஆகும். அதன் 'நிகழ்வு', 'அலாரம்' ஆகிய இரு பிரிவுகளை மட்டும் இங்கு நோக்குவோம்.

என்ன செய்யவேண்டும் என்பதை நிகழ்வு வரையறுக்கின்றது: குறிப்பேட்டிற் பதிதல், முகாமை நிலையத்துக்குச் செய்தி அனுப்புதல், அல்லது இரண்டும். எப்பொழுது செய்யவேண்டும் என்பதை அலாரம் வரையறுக்கின்றது. ஆகவே நிகழ்வை முதலில் அமைத்து, அதன் சுட்டெண்ணை அலாரத்துடன் இணைத்தல் நன்று. இணைப்பு இல்லையேல், எல்லை மீறப்பட்டாலும் செய்தி எழாது.

அலாரத்துக்கு இரு எல்லைகள் உண்டு. 30 செக்கனில் 20 வழுக்கள் மேலெல்லை, 5 கீழெல்லை எனக் கொள்வோம். 20 ஐ எட்டியதும் எச்சரிக்கை எழும். 5 வரை தாழ்ந்த பின்னரன்றி அது மீண்டும் எழாது. ஓரெல்லை மட்டும் இருப்பின், அதனருகே ஊசலாடும் பெறுமானம் செய்திகளைக் குவிக்கும். உண்மையான ஆபத்து அக்குவியலில் மறைந்துவிடும்.

எனினும் இவ்வேற்பாடே அலாரத்தை ஊமையாக்கவும் கூடும். எண்ணியின் மொத்தப் பெறுமானம் பொதுவாக ஏறுமேயன்றி இறங்காது. அதனை அளக்கும் அலாரம் ஒருமுறை ஒலித்தபின் அடங்கிவிடும். எனவே அடுத்தடுத்த அளவீடுகளின் வேறுபாட்டையே அளத்தல் வேண்டும்.

எது இயல்பு என்பதைக் கருவி அறியாது. வலையமைப்பின் வழமையான போக்கை அளந்தறிந்த பின்னரே எல்லைகளை வகுத்தல் தகும். அப்பொறுப்பு மனிதருடையது.