விரிய மறுக்கும் எலும்பு

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு பஸ் ஏறினால், 18 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்குப் பின்னால் அடைபட்ட காற்று வெளியேற முட்டுகிறது. எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். மூளைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அதைச் சுற்றிக் காற்று கிடையாது, திரவம்தான். வெளியே அழுத்தம் குறைகிற அளவு அதிலும் குறைந்துவிடும். மருத்துவர்கள் அளப்பது வெளியழுத்தத்துக்கும் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை: படுத்திருக்கும் பெரியவர்களுக்குச் சுமார் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம்.

மண்டையோட்டுக்குள் இருப்பவை மூன்று: மூளை, ரத்தம், தெளிந்த மூளைத் தண்டுவடத் திரவம். இந்தத் திரவம் மூளையிலும் முதுகுத்தண்டிலுமாக 150 மில்லி அளவில்தான் இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டர் சுரக்கிறது. சுரக்கிற அளவுக்கு ரத்தத்தில் வடிகிறது. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் புதுநீர்! வடிகால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் கைக்குழந்தையிடம் பார்க்கலாம்: உச்சிக்குழி புடைக்கும், தலை பெருக்கும். பெரியவர்களுக்கு எலும்பு பொருந்திவிட்டது, விரியாது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆகவேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்கள் மன்றோ 1783-லும் கெல்லி 1824-லும் இதை விளக்கினார்கள்.

மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து, "ஒண்ணுமில்ல" என்று நடக்கிறார். உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியிருக்கலாம். முதலில் திரவம் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கி இடம் தருகிறது, சிரைகள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுவதே தெரியாது. ஒதுங்க இனி ஏதுமில்லை என்ற கட்டம் வந்ததும், அடுத்துக் கசியும் சில மில்லி ரத்தமே அழுத்தத்தைச் செங்குத்தாக ஏற்றிவிடும். புதுரத்தம் மூளைக்குள் நுழையத் திணறும்; மூளையே மண்டையோட்டின் கீழ்த்துவாரத்தை நோக்கிப் பிதுங்கும். மூச்சை நடத்தும் பகுதி அங்கேதான் இருக்கிறது. "நல்லாத்தானே பேசிட்டிருந்தான்" என்று உறவினர் கதறுவது இதனால்தான். விழுந்தவருக்குத் தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூக்கம் சொக்கினாலோ, "களைப்பு, தூங்கட்டும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் தொடங்கிய நரம்பியல் அறுவைப் பிரிவுகளின் வழிவந்த மருத்துவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அடிபட்ட மூளையின் வீக்கம் மருந்துக்கு அடங்காவிட்டால், மண்டையோட்டில் ஒரு பெரிய துண்டையே எடுத்து மூளைக்கு இடம் விடுவார்கள். அந்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைப்பதும் உண்டு. வீக்கம் வடிந்தபின், சில வாரங்களோ மாதங்களோ கழித்து, எடுத்து மறுபடி தலையில் பொருத்துவார்கள்.