படைக்கு வர மறுத்த மாக்சிமிலியன்



நம் ஆலயங்கள் பலவற்றில் அம்பு தைத்த உடலோடு புனித செபஸ்தியாரின் சுரூபத்தைக் காண்கிறோம். குதிரைமேல் ஈட்டியோடு புனித ஜார்ஜியாரையும் காண்கிறோம். இருவருமே உரோமைப் படைவீரர்கள் என்பது மரபு. ஆனால், படையில் சேரமாட்டேன் என்று சொன்னதற்காகவே தலை வெட்டப்பட்ட புனிதர் ஒருவரும் நமக்கு இருக்கிறார். அவர் பெயர் மாக்சிமிலியன். (1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர்நீத்த மாக்சிமிலியன் கோல்பே அல்ல, அவருக்கு ஏறக்குறைய 1,650 ஆண்டுகள் முந்தியவர்.)

கி.பி. 295-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள். இடம், இன்றைய அல்ஜீரியாவில் தெபெஸ்ஸா என்று வழங்கும் ஊர். மாக்சிமிலியனுக்கு 21 வயது, 3 மாதம். படைக்கு ஆள் சேர்ப்பதற்காக ஆளுநர் தியோன் அவரை முன்னே அழைத்து உயரம் அளக்கச் சொன்னார். உரோமை அளவில் ஐந்து அடி பத்து அங்குலம். படைக்கு ஏற்ற உடல்தான். ஆனால் அந்த இளைஞர், தாம் கிறிஸ்தவர் என்றும், தீமை செய்யத் தம்மால் இயலாது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். படைவீரர்கள் கழுத்தில் அணியும் ஈய முத்திரையையும் ஏற்க மறுத்தார். கிறிஸ்துவின் முத்திரை தம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர் பதில்.

தியோன் கொடியவராகத் தெரியவில்லை. பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று அவர் நினைவூட்டினார். தங்களுக்கு எது தகும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்றார் மாக்சிமிலியன், அவர்களைக் குறைசொல்லவில்லை. மகனுக்குப் புத்தி சொல்லும்படி தந்தை விக்தோரிடம் கேட்டபோது, அவன் முடிவு அவனுடையது என்று அவரும் விலகிக்கொண்டார். தண்டனை உறுதியானதும், படையில் சேருவதற்காகத் தமக்குத் தைத்து வைத்திருந்த புத்தாடையைக் கொலைஞருக்குக் கொடுத்துவிடும்படி மகன் தந்தையிடம் கேட்டுக்கொண்டார். அவருடைய உடல் கார்த்தேஜ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, புனித சிப்ரியானின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டது.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் படையை வெறுத்ததற்கு அங்கு நடந்த சிலைவழிபாடே காரணம் என்று சிலர் விளக்குவதுண்டு. அதில் உண்மை உண்டு. பேரரசரின் பெயரால் பலியிடுவதும் கொடிகளுக்கு வணக்கம் செலுத்துவதும் பாசறை வாழ்வின் அங்கங்களாக இருந்தன. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கவில்லை. தெபெஸ்ஸாவில் பலிபீடம் பற்றிய பேச்சே எழவில்லை. அதற்கு முன்பே, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெர்த்துல்லியன் இரண்டு காரணங்களையும் சொல்லியிருந்தார். கெத்சமனியில் பேதுருவின் வாளை உறையில் போடச் சொன்னபோது (மத்தேயு 26:52) ஆண்டவர் எல்லாப் படைவீரரிடமிருந்தும் படைக்கலத்தை வாங்கிவிட்டார் என்பது அவர் கருத்து. இப்போலித்துவின் பெயரால் வழங்கும் பழைய திருச்சபை ஒழுங்கு நூலோ நடைமுறையைச் சொல்கிறது: ஏற்கெனவே படையில் இருப்பவர் கட்டளை வந்தாலும் கொல்லக்கூடாது; திருமுழுக்குக்குத் தயாரிப்பவர் படையில் சேர விரும்பினால் அவரை ஏற்கக்கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. திருமுழுக்கு யோவான் தம்மிடம் வந்த படைவீரர்களிடம் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், ஊதியம் போதும் என்றிருங்கள் என்றுதான் சொன்னார் (லூக்கா 3:14). நூற்றுவர் தலைவர் கொர்னேலியு திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் பதவி விலகினாரா என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்லவில்லை. 2005-இல் இசுரயேல் நாட்டின் மெகிதோ சிறை வளாகத்தில் தோண்டியபோது, 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ வழிபாட்டுக்கூடம் ஒன்றின் தரை வெளிப்பட்டது. வண்ணக் கற்கள் பதித்த அந்தத் தரைக்குச் செலவு செய்தவர் காயானு என்னும் நூற்றுவர் தலைவர். கல்வெட்டு அவரைச் சகோதரர் என்றே அழைக்கிறது. ஆக, நூல்கள் ஒன்று சொல்ல, பங்குச் சமூகங்கள் வேறுவிதமாகவும் வாழ்ந்திருக்கின்றன.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் நிலைமை தலைகீழானது. 313-இல் மிலான் ஆணை திருச்சபைக்கு விடுதலை தந்தது. மறு ஆண்டே ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், அமைதிக் காலத்தில் படைக்கலத்தை எறிந்துவிட்டுப் போகிறவர்களை நற்கருணையிலிருந்து விலக்க முடிவு செய்தார்கள். மாக்சிமிலியன் இறந்து 19 ஆண்டுகளே ஆகியிருந்தன! 416-இல் வந்த அரசாணை, பழைய தெய்வங்களை வணங்குவோருக்கே படையில் இடமில்லை என்றது. நீதியான போர் எது என்று புனித அகுஸ்தினார் சிந்தித்ததும் இந்தப் புதிய சூழலில்தான்.

இருந்தாலும் பழைய உறுத்தல் மறைந்துவிடவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனித பசிலியார், போரில் கொல்வது கொலைக்குற்றமாகாது என்று முன்னோர் கருதியதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கை தூய்மையாக இல்லாததால் அப்படிப்பட்டவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணை வாங்காதிருப்பது நல்லது என்றும் எழுதினார்.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நாட்டைக் காக்கும் படைவீரரையும் அதே பகுதியில் மதித்துப் பேசியது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன், ஆஸ்திரியாவின் விவசாயி பிரான்ஸ் யாகர்ஸ்டேட்டர் ஹிட்லரின் படையில் போரிட மறுத்தார். முன்னதாக அவர் தம் ஆயரைச் சந்தித்து ஆலோசனை கேட்டிருந்தார். குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படிதான் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 2007 அக்டோபர் 26 அன்று, அதே லின்ஸ் மறைமாவட்டப் பேராலயத்தில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். அந்தத் திருப்பலியில் அவருடைய மனைவி பிரான்சிஸ்காவும் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 94.