கருமையைத் தேடும் ஒளி: லேசர் முடிநீக்கம் பலன் தருவது எப்போது?

பெண்ணின் முகத்தில் தடித்த முடி வளர்வது நம் வீடுகளில் உரக்கப் பேசப்படாத துயரங்களுள் ஒன்று. ஆரல்வாய்மொழியில் வாழும், நமக்கு நெருங்கிய குடும்பமொன்றின் மகள், பெண் பார்க்க வந்தோர் முன்னிலையில் முக்காட்டைத் தாடைவரை இழுத்துப் பிடித்தபடியே அமர்ந்திருந்ததை அவளுடைய தாயார் நம்மிடம் கண்கலங்கச் சொன்னார். அதன்பின் நகரத்து அழகு நிலையமொன்றில் 'லேசர்' என்ற பெயரில் ஐந்து அமர்வுகள் நடந்தன. விளைவாகத் தாடையில் கருந்திட்டுகள் விழுந்தன. இருந்த முடி குறையவில்லை. போதாக்குறைக்கு, முன்பு வெறும் பூனைமுடி இருந்த கன்னத்தோரத்திலும் கரிய முடி தலைகாட்டியது. மோசடி என்றார் தந்தை. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் விசாரித்தும் படித்தும் அறிந்தபோது, பழுது கருவியில் இல்லாமலும் இத்தகைய விளைவு நேரக்கூடும் என்பது விளங்கியது. அந்தத் தோலையும் அந்த முடியையும் அந்த உடலையும் கேளாமலேயே அங்கே ஒளி பாய்ச்சப்பட்டிருந்தது.

முடிநீக்கம் நமக்குப் புதிய செய்தியன்று. இஸ்லாமிய நகரங்களின் ஹம்மாம்களில் 'நூரா' என்னும் பூச்சு நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது. சுட்ட சுண்ணாம்பும், நம் நாட்டு மருந்துக் கடைகளில் அரிதாரம் எனப்படும் ஆர்சனிக் சேர்மமும் கலந்த பூச்சு அது. சற்றே அதிக நேரம் விட்டால் முடியோடு தோலையும் தின்றுவிடும். சமயத் தூய்மையின் அங்கமாக அக்குள் முதலிய இடங்களின் முடியைக் களைவதும், அதனை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பதும் நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றவை. புருவம் மழிப்பது பற்றிய கண்டனம் வேறு. பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதனை நீக்குவது விரும்பத்தக்கதே என்பது இமாம் நவவீயின் கருத்து. இப்னு ஜரீர் தபரீ இதில் மாறுபட்டார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுந்த நம் பகுதியில் நவவீயின் சொல்லுக்குள்ள மதிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அப்பெண் முடியை நீக்க முனைந்ததில் குற்றமொன்றும் இல்லை. எப்படி நீக்குவது என்பதே கேள்வி.

லேசர் ஒளியை முதன்முதலில் 1960இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல் தண்டிலிருந்து உண்டாக்கினார். (ஒளி என்றதும் இப்னுல் ஹைதமை அழைத்துவருவது நம் கட்டுரையாளர்களின் வழக்கம். இம்முறை அவரை ஓய்வெடுக்க விடுவோம்.) தோல் மருத்துவத்தில் திருப்பம் 1983இல் நேர்ந்தது. அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு தத்துவத்தை முன்வைத்தனர். ஒரு குறிப்பிட்ட நிறமி மட்டும் விழுங்கக்கூடிய அலைநீளத்தில், மிகக் குறுகிய நேரம் ஒளியைப் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசு சூடேறும் முன்பே அந்த இலக்கு மட்டும் வெந்துவிடும் என்பதே அது. முடிநீக்கத்தில் இலக்கு மெலனின் என்னும் கரு நிறமி. முடித்தண்டிலுள்ள மெலனின் ஒளியை விழுங்கிச் சூடேறுகிறது. அச்சூடு மயிர்க்காலில் முடியைப் புதிதாக வளர்க்கும் உயிரணுக்களுக்குப் பரவி அவற்றை அழிக்கிறது. நரைமுடிக்கும் நிறமற்ற பூனைமுடிக்கும் லேசர் பயன்படாமல் போவதன் காரணம் இதுவே. அழகு நிலையத்தில் 'ப்ளீச்' செய்து முடியின் கருமையைப் போக்கிவிட்டு லேசருக்குச் செல்வோர், தேடப்படும் பொருளைத் தாமே ஒளித்துவைத்தவராகின்றனர்.

இனிதான் நம் சிக்கல் தொடங்குகிறது. அதே மெலனின் தோலின் மேலடுக்கிலும் இருக்கிறது. வெளிறிய தோலில் கரிய முடி என்றால் ஒளிக்கு வேறு திசைதிருப்பம் இல்லை. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் ஒளி மயிர்க்காலை அடையும் முன்பே மேல்தோலில் ஒரு பங்கு சிக்கிக்கொள்கிறது. அப்பங்கு மிகுந்தால் கொப்புளமும், அது ஆறியபின் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் உண்டாகும். மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் ஒளியை மெலனின் மிகுதியாக விழுங்கும். அலெக்ஸாண்ட்ரைட்டின் 755, டயோடின் 810 என அலைநீளம் கூடக் கூட விழுங்கப்படுவது குறையும், ஒளி ஆழமாகவும் செல்லும். என்.டி.யாக் எனப்படும் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி மேல்தோலைப் பெரிதும் விட்டுவிட்டு ஆழத்துக்கு இறங்குவதால் கருந்தோலுக்கு அதுவே மிகப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆனால் மெலனின் அதனைக் குறைவாகவே விழுங்குவதால் மெல்லிய முடியில் அதன் வலிமை குன்றும். மாநிறத்தார்க்கு டயோடை நீண்ட துடிப்புடன், தோலைக் குளிரூட்டியபடி பயன்படுத்துவதும் உண்டு. அழகு நிலையங்கள் சில லேசர் என்று அழைப்பது உண்மையில் ஐ.பி.எல். எனப்படும் பல அலைநீளங்கள் கலந்த மின்னொளி. அது லேசரே அன்று. கருந்தோலில் அதனைக் கையாளக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வாழ்வோர்க்கு இங்கே தனியாக ஒரு சொல். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக் காற்று வெயிலின் சூட்டை நம்மிடமிருந்து மறைத்துவிடும். புற ஊதாக் கதிரை அது மறைப்பதில்லை. குளிர்ந்த காற்று வீசுகிறதே என்று பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து நாகர்கோவில் சென்று திரும்பும் முகம், தானறியாமலே கறுத்துவிடுகிறது. வெயிலில் கறுத்த தோல் என்றால் மெலனின் கூடிய தோல். லேசருக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வெயில் படாமல் காப்பதும், வெயில்தடுப்புக் களிம்பு பூசுவதும் அழகுக்கான ஆலோசனைகள் அல்ல, தீப்புண்ணைத் தடுக்கும் ஏற்பாடுகள்.

அடுத்தது காலக் கணக்கு. ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, சுருக்கம், ஓய்வு என்ற சுற்றில் இயங்குகிறது. வளர்ச்சிப் பருவத்திலுள்ள கரிய முடியே லேசருக்கு நன்கு இலக்காகும். ஏனைய மயிர்க்கால்கள் அந்த அமர்வில் பெரிதும் தப்பிவிடும். ஆகவே முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடலின் பிற பகுதிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, பொதுவாக ஆறு முதல் எட்டு அமர்வுகள் தேவைப்படுகின்றன. வாரந்தோறும் வாருங்கள் என்று அழைப்பவர் முடியின் இயல்பை அறியாதவர், அல்லது நம் பணப்பையின் இயல்பை நன்கறிந்தவர்.

இடைப்பட்ட காலத்தில் நூலால் பிடுங்குவதும், மெழுகு வைத்து இழுப்பதும் கூடாது. முதல் அமர்வுக்கு முன்பும் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு இவற்றை நிறுத்திவிட வேண்டும். வேரோடு முடி போய்விட்டால் ஒளிக்கு இலக்கு ஏது? மழிக்கலாம். மழித்தால் முடி தடித்து வளரும் என்று நம் பெண்கள் அஞ்சுகின்றனர். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் 1928லேயே இதனை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் தடிப்போ வளர்ச்சி வேகமோ கூடுவதில்லை என்று கண்டார். மழித்த முடியின் முனை மழுங்கியிருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. மழிப்பதற்குத் தடையில்லையாதலால் நாற்பது நாள் வரம்பைப் பேணுவோர்க்கும் இச்சிகிச்சையோடு முரண்பாடு எழாது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேவையின்றிப் பிறர்முன், அவர் பெண்ணேயாயினும், திறத்தலாகாது என்பது பெரும்பான்மை அறிஞரின் நிலை என்பதால், அங்கே லேசரை நாடுமுன் மருத்துவத் தேவை உண்டா என்று கேட்டுக்கொள்வது நன்று.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தும் முகமுடி திரும்ப வரும் பெண்கள் உண்டு. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெண்ணின் செய்தி அதுதான். அவளுக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே வந்துகொண்டிருந்தது. அழகு நிலையத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. மருத்துவமனைகளில் பி.சி.ஓ.டி. என்று சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாட்டில் ஆண்தன்மைச் சுரப்பு மிகுந்து, தாடையிலும் மேலுதட்டிலும் உள்ள பூனைமுடியைத் தடித்த கரிய முடியாக மாற்றிக்கொண்டேயிருக்கும். லேசர் இன்றுள்ள முடியை அழிக்கும். நாளை முளைக்கப்போவதைத் தடுக்காது. இரத்தப் பரிசோதனையும் தேவையாயின் வயிற்று ஸ்கேனும் செய்து காரணத்துக்கு மருந்து தொடங்கிய பின்னர் லேசர் செய்வதே பணமும் காலமும் வீணாகாத வழி. இப்பரிசோதனைக்குத் தனியார் நிலையங்களையே நாட வேண்டுமென்பதில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகிக் குரலும் தடித்தால் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். அரிதாகக் கட்டி காரணமாக இருக்கக்கூடும்.

அவள் முகம் வெளுக்கக் களிம்பும் பூசி வந்திருந்தாள். இத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிவதோடு முகத்தில் முடியும் வளரும். 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆயினும் கேட்டால் கிடைக்காமல் இல்லை. வெளுக்க வேண்டுமென்ற நம் சமூகத்தின் ஆசையும் அப்பெண்ணின் தாடைமுடிக்குச் சிறிது உரம் இட்டிருக்கலாம் என்பதை அவளுடைய தாயாரிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கன்னத்தோரத்தில் புதிதாக முடி முளைத்ததற்கும் விளக்கம் உண்டு. முகத்தில் போதிய வலிமையின்றிப் பாய்ச்சிய ஒளி, மயிர்க்காலை அழிப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிடுவது அரிதாக நேரும். கருநிறத் தோலிலும், சுரப்புக் குறைபாடு உள்ள பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதனை முன்கூட்டிச் சொல்லாதவரிடம் சிகிச்சைக்கு அமரலாகாது.

நிரந்தரம் என்ற விளம்பரச் சொல்லையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளுக்கு அனுமதித்திருப்பது 'நிரந்தர முடிக்குறைப்பு' என்ற சொல்லையே. முடி முற்றாக ஒழியும் என்பது அதன் பொருளன்று. திரும்ப வளரும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்திருக்கும் என்பதே பொருள். வருவதும் மெலிந்து வரும்.

அப்பெண்ணுக்கு இப்போது சுரப்புக்கான மருந்து நடைபெறுகிறது. களிம்பை நிறுத்தியாயிற்று. கருந்திட்டுகள் மெல்ல வெளிறுகின்றன. தோல் மருத்துவர் காதோரத்தில் சிறிய இடத்தில் 1064 ஒளியைச் சோதித்துப் பார்த்து, தோல் அதனைத் தாங்குகிறது என்று கண்டிருக்கிறார். முதல் அமர்வை ஆடிக்காற்று ஓய்ந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாராம். அதுவரை மழித்துக்கொள்ளும்படி கூறியபோது தாயார்தான் அதிர்ந்துபோனார். மகள் சிரித்தாள் என்று கேள்விப்பட்டோம்.