கண்ணாடியின் இடத்தில் பாலிகார்பனேட்

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர், நேர்கோட்டில் பாயும் அமெரிக்க டிராக் பந்தயத்திற்கென வீட்டுக் கொட்டகையில் உருவான இக்காரில், தொழிற்சாலைக் கண்ணாடிகள் யாவும் நீக்கப்பட்டு, அதே தடிப்பில் அவற்றின் பாதி எடைகூட இல்லாத பாலிகார்பனேட் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 1964-இல் ஃபோர்டு நிறுவனமே தன் தண்டர்போல்ட் கார்களின் பக்கச் சன்னல்களுக்கு அக்ரிலிக்கைக் கையாண்டதுண்டு. எனினும் அக்ரிலிக் அடிபட்டால் உடையும், பாலிகார்பனேட்டோ வளைந்து தாங்கும்.

பழைய கண்ணாடியையே அச்சாகக் கொண்டு வரைந்து, நுண்பல் ரம்பத்தால் அறுத்த இத்தகடுகளில், துளைகள் திருகுகளைக் காட்டிலும் சற்றுப் பெரியனவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். உஷ்ணத்தில் கண்ணாடியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு விரியும் சுபாவமுடைய இப்பொருளை இடைவெளியின்றி இறுக்கிவிட்டால், துளையோரத்தில் விரிசல் தோன்றிப் பரவும். அவசரக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். உட்புற அலுமினியப் பட்டைகளும் அலங்காரத்திற்காக அமைந்தவை அல்ல. அதிவேகத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, தகடு வெளிப்புறம் பிதுங்கிவிடாமல் தடுப்பவை அவையே.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் பாலிகார்பனேட்டுக்கு ஜன்ம விரோதி. மேற்பரப்பு எளிதில் கீறுபடுமாதலால், பார்வையாளர்கள் தகடுகளைத் தொடாதிருக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.